பன்னிரண்டு மணிக்கு நாற்பது வீடுகள்

பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே அவன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

திரையில் 412 என்று இருந்தது. அந்த அனல்மின் நிலையம் அந்த நொடியில் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த மெகாவாட்.

"என்ன தலைவரே, வீட்டம்மா இன்னைக்கு நம்ம பிளான்டையே நிறுத்தப் போறாங்களாமே?" என்றான் பக்கத்து மேசைக்காரன். ஒல்லிக்குச்சி என்றால்தான் அவனை எல்லோருக்கும் தெரியும்.

கட்டுப்பாட்டு அறையே சிரித்தது. இவனும் சிரித்துவைத்தான்.

மூன்று வாரமாக இவன் மனைவி தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் எல்லாவற்றையும் அணையுங்கள், எவ்வளவு குறைகிறது என்று என் வீட்டுக்காரர் பார்த்துச் சொல்வார். நாற்பது வீடுகள் தலையாட்டின. இந்த வெயிலில் ஒருத்தரை ஃபேனை நிறுத்தச் சம்மதிக்கவைப்பது லேசுப்பட்ட காரியமா?

வீட்டிலும் அப்படித்தான். இவன் குளித்து முடிப்பதற்குள் வெந்நீர் நின்றுபோகும். உடம்பெல்லாம் சோப்போடு கத்துவான்.

"பூமி தாங்காதுங்க" என்பாள் கதவுக்கு வெளியே, கொஞ்சமும் சிரிக்காமல்.

அவள் சிரிக்காததுதான் இவனுக்குப் பயம். நாற்பது வீடு இந்த எண்ணை அசைக்காது. நாலாயிரம் வீடு அணைத்தாலும் சந்தேகம்தான். அதை அவளிடம் சொல்ல மூன்று வாரமாக வாய் வரவில்லை.

பன்னிரண்டு.

412.

கண் இமைக்காமல் பார்த்தான்.

413.

இந்நேரம் வேர்த்து விறுவிறுத்து, செய்தித்தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த முகம் வாடிப்போவதை நினைக்கவே மனசு கேட்கவில்லை.

கைபேசி அடித்தது.

"இறங்குச்சாங்க?"

"இறங்குச்சு" என்றான் மெதுவாக. "நல்லாவே தெரிஞ்சுது. நாலு குறைஞ்சுது."

அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு.

"பொய் சொல்லக்கூடத் தெரியல உங்களுக்கு. ஒரு வீட்லயும் அணைக்கலைங்க. நம்ம ஹால் ஃபேன்கூட ஓடிட்டுதான் இருக்கும், அவசரத்துல அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

"வந்துட்டியா? எங்க?"

"நாற்பது வீடு பத்தாதுன்னு உங்க மூஞ்சியே சொல்லிடுச்சு. ஜன்னல்கிட்ட வாங்க."

கண்ணாடியில் நிலக்கரித் தூசி. சட்டைக் கையால் துடைத்தான்.

வாசல் கேட்டை அடைத்துக்கொண்டு குடைகள். இவர்கள் தெருவே வந்திருந்தது. மாடி வீட்டம்மா வீட்டிலிருந்து நாற்காலியே தூக்கிவந்திருந்தார். குடைகளுக்கு நடுவே நகர வழியில்லாமல் ஒரு வெள்ளைக் கார். பழைய கொதிகலனை மூடுவதா, இன்னும் பத்து வருடம் ஓட்டுவதா என்று முடிவுசெய்ய மேலிடத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் இன்று வருவதைப் போன வாரம் சாப்பிடும்போது இவன்தான் வாய்தவறிச் சொல்லியிருந்தான்.

கொதிகலன் நின்றால் இந்த அறையில் பாதிப் பேரை எங்கெங்கே தூக்கிப் போடுவார்களோ. இவனையும் சேர்த்து.

"மூடச் சொல்லி மனு கொண்டுவந்திருக்கோம். கோபமாங்க?" அவள் குரல் இறங்கியிருந்தது.

ஒல்லிக்குச்சி பின்னால் வந்து நின்றான்.

இவன் இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை.

"முன்சீட்ல இருக்கறவர் வெறும் உதவியாளர். பின்சீட்ல இடது பக்கம், கண்ணாடி போட்டவர். மனுவை அவர் கையில கொடு."