பாதி சொன்ன கட்டளை

இறந்த ஒருவரிடமிருந்து எடுத்த நுரையீரல், ஸ்வீடனின் லுண்ட் நகரத்து ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கூண்டுக்குள் இயந்திரத்தின் தயவில் சுவாசித்துக்கொண்டிருந்தது. வந்தபோது வீங்கிக் கிடந்தது. ஸ்டீராய்டு ஏற்றிய பிறகு வீக்கம் வற்றியிருந்தது. மேல் மாடியில் ஹில்லெவி என்ற பெண் மாற்று நுரையீரலுக்காக இதை நம்பித்தான் படுத்திருந்தாள்.

எக்ஸ்ரே எடுக்க வந்த டோர்னி, பொத்தானை அழுத்துமுன் பழக்கதோஷத்தில், "மூச்ச நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோங்க" என்றான்.

"ஏம்ப்பா, யார்கிட்ட சொல்ற? உள்ள ஆளே இல்லியே!" டாக்டர் குன்வோர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாய் தானா சொல்லிடுது, என்ன பண்றது" என்று அசடு வழிந்தான்.

படம் சுத்தமாக வந்தது. அந்தக் கையோடு கடைசிச் சோதனை. காற்றுக் குழாயைக் கழற்றினால் நல்ல நுரையீரல் உடனே காற்றை விட்டுச் சுருங்கிவிடும். குன்வோர் கழற்றினாள். அது உப்பியபடியே இருந்தது.

"இது தேறாது. மேல சொல்லிடுங்க" என்றாள்.

ஈயக் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்த டோர்னிக்கு அப்போதுதான் உறைத்தது. எப்போதும் சொல்வதில் பாதியைத்தான் இன்று சொல்லியிருந்தான். கூண்டருகே போய்க் குனிந்தான்.

"போதும். இப்ப விடுங்க."

அது சுருங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

பனி உருகிய பிறகு ஹில்லெவி அந்த நுரையீரலோடு தன் காலில் நடந்து எக்ஸ்ரேவுக்கு வந்தாள். "வாங்க, காபி குடிச்சாச்சா?" என்று டோர்னி கேட்டதுமே அவள் மூச்சு நின்றது. முகம் மெல்லச் சிவந்தது. ஏனென்று தெரியாமல், அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.