மூன்றோடு நிறுத்திக்கொள்

நாற்காலியைக் கதவிலிருந்து இவ்வளவு தள்ளிப் போட்டிருப்பது தற்செயல் இல்லை. நான் எப்படி நடந்து வருகிறேன் என்று பார்க்கத்தான்.

அளவாக நடந்தேன். தள்ளாடினால் நடிப்பு என்பார்கள். நிமிர்ந்து நடந்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பார்கள்.

தலையையும் அப்படித்தான் வாரியும் வாராமலும் வந்திருந்தேன்.

டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தார். அதை நான் நம்பவில்லை. சிரித்துவிட்டுத்தான் வாயைக் கிளறுவார்கள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். இரண்டு மாதம் ஓய்வு தேவை என்று எழுதி, இவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நாளைக்கு நான் வேலைக்குப் போயாக வேண்டும். என்னால் முடியாது. சோம்பல் இல்லை, நிஜமாகவே முடியாது.

“எந்த மாதிரி அசதின்னு சொல்லுங்கம்மா.”

இந்த இடத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்கால்வரை அடுக்குவார்கள். மூன்றுக்கு மேல் போனாலே எங்கேயோ படித்துவிட்டு வந்து ஒப்பிக்கிறாள் என்றுதான் தோன்றும். ஆகவே மூன்றே மூன்றைப் பொறுக்கி எடுத்து வந்திருந்தேன். பஸ்ஸில் ஒத்திகைகூடப் பார்த்தாயிற்று.

எவ்வளவு தூங்கினாலும் தூங்கின மாதிரி இல்லை. கால் வலிக்கிறது. மத்தியானத்துக்கு மேல் தலை பாரம் என்றேன்.

சாதாரணமாக இருக்க வேண்டும். சாதாரணமாக இருந்தால்தான் நம்புவார்கள்.

அவர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். ஒரு தடவை எனக்காகப் படித்திருப்பார், இன்னொரு தடவை என் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக.

அப்போது அவருடைய பேனா உருண்டு என் காலடியில் விழுந்தது.

பழைய தந்திரம். சட்டென்று குனிந்து எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது கதை. நான் அசையவில்லை. அவரே மேசையைச் சுற்றி வந்து, இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்து எடுத்தார். போகும்போது என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டுக்கொண்டார். கெட்டிக்காரிதான்.

உட்கார்ந்தவர் உடனே எழுதவில்லை. பேனாவை மூடி ஓரமாக வைத்தார்.

“வேற ஏதாவது இருக்கா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க. எனக்கு நேரம் இருக்கு.”

வெளியே பதினெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். இவருக்கு நேரம் இருக்கிறதாம். யார் காதில் பூ சுற்றுகிறார்?

இருந்தும் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகாது. செவ்வாய்க்கிழமைதான் விழுவேன். விழுந்தால் வெள்ளிக்கிழமைவரை எழுந்திருக்க முடியாது. இதை எந்த மடையன் நம்புவான்?

போன வாரம் ஷாம்பு போட்ட தலையோடு குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குவளையைத் தூக்கக் கை வரவில்லை. அக்கா வந்துதான் அலசிவிட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் என் மகள் பேரைக் கேட்டார். பேர் வரவில்லை. ஐந்து நிமிடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நானே தேடித் தேடி வைத்த பேர். அன்றைக்கு எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை.

மூன்றோடு நிறுத்திக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“இல்ல டாக்டர். அவ்வளவுதான்.”

அவர் பேனாவைத் திறந்தார்.

தலைகீழாக இருக்கிற எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியும். அவர் எழுத எழுத வாசித்துக்கொண்டே வந்தேன். இரும்புச்சத்து லேசாகக் குறைவு. ஒரு மாதத்துக்கு மாத்திரை. வேலைக்குச் செல்லலாம்.

பெரிதாக ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்று சொல்லிக் காகிதத்தைக் கையில் கொடுத்தார். நிஜமாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டார். கதவைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் புரிந்தது. அந்த அம்மா என்னை ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. நான் சொன்ன மூன்றையும் அப்படியே நம்பிவிட்டார்.

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அடுத்த ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியாயிற்று.

எல்லாவற்றையும் சொன்னாயா என்று வெளியே அக்கா கேட்டாள். சொன்னேன் என்றேன். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நாளைக் காலை ஒன்பதரைக்கு நான் ஆபீசில் இருக்க வேண்டும். மெடிக்கல் லீவ் கேட்கிறவர்களை எதிரே உட்காரவைத்து, சொல்வது நிஜமா பொய்யா என்று முடிவு செய்வதுதான் பதினோரு வருடமாக என் வேலை.

நாளைக்கு முதலில் வரப்போவது ஒரு பெண். தன்னுடைய அசதியைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

நான் முதல் பக்கத்தோடு மூடிவிட்டேன்.