மெத்தைத் தூசி

எண்பத்தாறில் தேனியில் வேக்குவம் கிளீனர் அதிசயம். விற்க வந்தவர் சொன்ன விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் பொன்னுராஜ் கும்பிடு போட்டார்.

“போயிட்டு வாங்க தம்பி. எங்களுக்கு விளக்குமாறு போதும்.”

ஆண்டிபட்டியில் அம்மா வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தேன்.

“என் இளைப்புக்குத் தூசியே ஆகாதுன்னு டாக்டர் சொன்னாகல்ல?” என்றேன்.

“சும்மா பாருங்க சார்” என்று விற்க வந்தவர் எங்கள் கட்டில் மெத்தையில் மிஷினை ஓட்டி, உறிஞ்சியதைப் பேப்பரில் கொட்டினார்.

குனிந்து பார்த்த வீட்டுக்காரர் சட்டென்று பேப்பரைக் கசக்கி மூலையில் எறிந்தார்.

“மிஷின வச்சிட்டுப் போங்க தம்பி.”

பேரமே இல்லை! ஏலக்காய் மண்டியில் பத்துப் பைசாவுக்கு மல்லுக்கட்டுகிற மனுசன், எனக்காகவா? கண் கலங்கிவிட்டது.

விற்க வந்தவரை வழியனுப்ப இவர் வாசலுக்குப் போனார். என்னை மூச்சுத் திணற வைத்த தூசியைப் பார்க்கலாமென்று பேப்பரைப் பிரித்தேன்.

நடுவில் சிவப்பாய் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

“இப்ப சந்தோசமா, சொர்ணம்?” வாசலிலிருந்து வீட்டுக்காரர் குரல்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை.