மூன்றாவது வளைவில் இரண்டு நொடி

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் பீரோ சாவியின் மீது கை வைத்துச் சொல்கிறேன். அதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது.

பந்தயத் தடத்தின் ஓரத்தில், உச்சி வெயிலில், கையில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். தம்பி எதிர்க்கோடியில் காரைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் இருநூற்றைம்பதுதான் செய்தார்கள், அதோடு அச்சை உடைத்துவிட்டார்கள். என்னுடையது முப்பத்தோராம் எண். முகப்பு பந்தயக் காரின் வேகமானியைப் போல இருக்கும். வாரில், ஓட்டுகிறவனின் கையுறையில் இருப்பதுபோல வரிசையாகத் துளைகள். பக்கவாட்டில் ஒரு பெரிய பொத்தான். அழுத்தினால் நொடிமுள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும்.

இதைப்போல பீரோவில் இன்னும் பதினேழு இருக்கின்றன. பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டிகள் தாமாகவே நகரும். ஒரே வருடத்தில் முப்பத்தோராம் எண் பெட்டி, தனக்கு முன்னால் இருந்த நான்கு பெட்டிகளை முந்திவிட்டது. தூசி தட்டும்போது தான்தான் நகர்த்துவதாக மனைவி சொல்கிறாள். நான் வாதாடுவதில்லை.

முப்பத்தொன்று பீரோவை விட்டு வெளியே வந்தது அன்று ஒருநாள்தான்.

தம்பியைச் சக்கரம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கார் பழுதுபார்க்கும் கடையில் வேலை. பந்தய அணி ஒன்றின் மேலாளர் அவனிடம் ஒரு காரைக் கொடுத்திருந்தார். ஒரு சுற்றை ஒரு நிமிடம் நாற்பது நொடிக்குள் முடித்தால் திங்கட்கிழமை அணியில் சேர்ந்துகொள்ளலாம். நேரம் குறிக்க அவரிடம் அன்றைக்கு ஆள் இல்லை. நம்பகமான ஒருவரை நீயே கூட்டி வா என்றார்.

தம்பி என்னைக் கூட்டி வந்தான்.

"உன் பேச்சை ஒருத்தரும் நம்ப மாட்டாங்கண்ணா. ஆனா உன் வாட்ச் பொய் சொல்லாதுல்ல," என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டினான்.

வெள்ளைக் கோட்டைத் தாண்டினான். பொத்தானை அழுத்தினேன்.

முதல் வளைவில் புல்லெல்லாம் அவன் போன பக்கமாகப் படுத்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது வளைவில் காரின் நிழல் பின்தங்கிவிட்டது. பாவம், குறுக்கே ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது வளைவில் காவல்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார். டம்ளரும் திரும்பியது. தேநீர் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

கோட்டைத் தாண்டினான். மறுபடி அழுத்தினேன்.

காரை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஓடி வந்தான். கண்கள் மட்டும் தெரிந்தன. நாற்பது வயது தாண்டிய எவரும் அந்தக் கண்களைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

"எவ்வளவுண்ணா?"

கடிகாரத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, ஒரு நிமிடம் நாற்பத்திரண்டு என்றேன்.

வாழ்நாளில் நான் சொன்ன எண்களிலேயே நம்பும்படியானது அது ஒன்றுதான். அவனும் நம்பினான்.

"சரி, விடு," என்றான். கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கார் இருக்கையில் வைத்தான். நடந்துபோய் மேலாளரிடம் அவனே எண்ணைச் சொன்னான். அவர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

அன்றிலிருந்து முப்பது வருடமாகத் தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறான். வேன் வந்து நின்று, பிள்ளைகள் இறங்கி, வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகுதான் அதன் சத்தம் வந்து சேரும். அந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருவான். இருவரும் தொலைக்காட்சியில் பந்தயம் பார்ப்போம். விளம்பரம் வரும்போது, தண்ணீர் கேட்பதுபோலக் கேட்பான்.

"அந்த ரெண்டு செகண்டை எங்கண்ணா விட்டேன்?"

"மூணாவது வளைவுலடா."

தலையாட்டுவான். மேசைமீது விரலால் அந்த வளைவை ஓட்டிப் பார்ப்பான். கொஞ்சம் உள்ளே வாங்கி, கொஞ்சம் வெளியே விட்டு. எப்படி ஓட்டினாலும் அவனுக்குத் திருப்தி வராது.

பிறகு, அந்த வாட்சை ஒரு தடவை காட்டேன் என்பான். பீரோ சாவியைக் காணவில்லை என்பேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கும்.

எங்களைப்போலச் சேகரிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொழிற்சாலையில் கடிகாரத்தின்மேல் ஒட்டி அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மாட்டோம். உரித்தால் அது சாதாரணக் கடிகாரமாகிவிடும். அந்தத் தாள் பக்கவாட்டுப் பொத்தானையும் சேர்த்து இறுக்கி ஒட்டியிருக்கும். உரிக்காமல் அழுத்த முடியாது.

முப்பத்தோராம் எண்ணின்மேல் அந்தத் தாள் இன்றும் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அப்படியே இருக்கிறது.