உள்ளே ஓடும் கடிகாரம்

மின்வெட்டில் சுவாசக் கருவியும் நின்றுபோயிருந்தது. மின்சாரம் திரும்பியதும், கணினி பழுதுபார்க்கும் ஞானராஜ் வார்டுக் கணினியை இயக்கினான். திரையில் நேரம் சரியாகவே வந்தது. கட்டிலருகே செண்பகவல்லி நின்றிருந்தாள். அவள் கணவனின் வாயிலிருந்து குழாயை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

"கரண்டே இல்லையே, அதுக்கு எப்படி மணி தெரிஞ்சுது?"

"உள்ள தனியா ஒரு கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும்க்கா. கரண்ட் வந்ததும் ஸ்கிரீன்ல இருக்கிறது அதைப் பார்த்துச் சரிபண்ணிக்கும்."

"அது மட்டும் எப்படி ஓடுச்சு?"

"சின்னதா ஒரு பேட்டரி இருக்கு."

"எடு, பார்ப்போம்."

அவனால் மறுக்க முடியவில்லை. மூடியைக் கழற்றி, காசு போன்ற அந்தப் பேட்டரியை நெம்பி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"கடிகாரத்துக்கு மட்டும் பேட்டரி வச்சிருந்திருக்கீங்க."

பிறகு அதைக் கணவனின் நெற்றியில், பிணத்துக்குக் காசு வைக்கும் இடத்தில், அழுத்தி வைத்தாள்.