துரைக்கு ஒரு படுக்கை

"மணல் வேண்டாம் சார். தீனியோட சேர்த்து முழுங்கிடும், வயிறு அடைச்சுக்கும்" என்றாள் செல்லப்பிராணிக் கடைக்காரி.

"அப்போ இந்த மரச்சீவல்?"

"வாசனை தூக்குதுல்ல? அந்த நெடி ஆமைக்கு ஆகாது."

"பழைய பேப்பர்?"

"வழுக்கும். பாவம், கால் ஊனி நடக்கவே முடியாது."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஆமையைச் சமாளித்துவிடலாம். அதை வளர்ப்பவர் மாமியார் ஆயிற்றே! மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வெளியூர் போனவர், துரை என்று பெயரிட்ட தன் ஆமையை இவனிடம் விட்டுப் போயிருந்தார். 'மாப்பிள்ளை கை பட்டா பிளாஸ்டிக் பூவும் வாடிடும்' என்று உறவு முழுக்கச் சொல்லித் திரிபவர் அவர். துரையைக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டால்தான், பேத்தி அழுது கேட்கும் நாய்க்குட்டிக்கு வீட்டில் இடம் என்று நிபந்தனை வேறு. இன்று சாயங்காலம் எல்லோரும் திரும்பி வருகிறார்கள்.

"தேங்காய் நார்த்தூள்ல கொஞ்சம் மண் கலந்து போடுங்க சார். ஈரம் காக்கும், உறுத்தாது. ஒண்ணே ஒண்ணு, ஆமை தோண்டிக்கிட்டு உள்ளே போயிடும்."

"எவ்வளவு உள்ளே?"

"ஓடுகூடத் தெரியாது. ரெண்டு மூணு நாள் தலை காட்டாமத் தூங்கும். பயப்படாதீங்க, மூச்சு முட்டாது."

அவன் முகம் மலர்ந்தது. "நிஜமாவா? பெரிய மூட்டையா நாலு கொடுங்க."

"ஒரு ஆமைக்கு ஒரு மூட்டையே தாராளம் சார்!"

"இருக்கட்டும் மேடம். நல்லா ஆழமா இருக்கணும்."

இப்படி ஒரு பாசக்காரரைப் பார்த்ததே இல்லை என்று கடைக்காரி உருகிப்போனாள்.

சாயங்காலம் மனைவியும் மகளும் வாசலில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்க, மாமியார் தோள்பையோடு நேரே ஆமைத் தொட்டியிடம் வந்தார். ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். விரலிடுக்கில் உதிர்த்துப் பார்த்தார்.

"நார்த்தூளா? பலே! மணலைக் கொட்டி வெச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"ஐயோ, அது வயித்தை அடைச்சுக்கும் அத்தை" என்றான், பிறவி ஞானம் போல.

"துரை எங்கே?"

"உள்ளே தூங்குறார். ரெண்டு நாளாத் தலையே காட்டலை. நடுவுல எழுப்பக் கூடாதாம்."

"சாப்பிட்டாரா?"

"படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கட்டுக் கீரை!"

"உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன் மாப்பிள்ளை."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ, அந்த நாய்க்குட்டி..." என்று இழுத்தான்.

"அதுக்கென்ன, பேசலாம்" என்ற மாமியார், தோள்பைக்குள் கைவிட்டு, காலை உதைத்துக்கொண்டிருந்த ஓர் ஆமையை எடுத்து நார்த்தூளின்மேல் மெல்ல வைத்தார்.

"தெருமுனையில நம்ம துரை யார் வீட்டு ரோஜாச் செடியையோ மேய்ஞ்சுக்கிட்டிருந்தார். உள்ளே தூங்குறவர் எழுந்ததும், இவரை அவருக்கு அறிமுகம் பண்ணி வைங்க மாப்பிள்ளை!"