இரண்டாவது அடி

சட்டக் கல்லூரியில் இருபத்தாறு வருடம் கொலை வழக்குகளைப் பாடம் நடத்தியவர் ஞானசிகாமணி. "முதல் அடி கோபத்துல விழுந்திருக்கலாம். ரெண்டாவது அடி விழுந்துச்சான்னு பாருங்க. நோக்கம் அங்கதான் இருக்கு" என்பார். சொல்லிக்கொண்டே டஸ்டரால் மேசையில் அடிப்பார். மாணவர்கள் சத்தமாக எண்ண வேண்டும். முன்வரிசையில் சாக்பீஸ் தூளில் தும்மிக்கொண்டே எண்ணியவன் மரியசெல்வம். பிறகு பேராசிரியர் மேயரானார், மரியசெல்வம் எதிர்க்கட்சிக் கவுன்சிலரானான். இன்று மாமன்றத்தில், வாய்க்கால்கரை வீடுகளை இடிக்கும் தீர்மானத்தைக் கிழித்து மேயர் முகத்தில் எறிந்தான். "நோட்டீஸ் குடுக்காம ஒரு கூரையைத் தொடக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதானே சார்?" மேயர் மேசைமேல் இருந்த வெள்ளிச் செங்கோலை எடுத்து இறங்கி வந்தார். மண்டை ஓடு பிளந்த சத்தம் மைக்கில் கடைசி வரிசைவரை கேட்டது. கம்பளத்தில் விழுந்த மரியசெல்வத்தின் ஒரு கண்ணை ரத்தம் மூடிவிட்டது. மற்றக் கண்ணால் மேலே பார்த்தான். மேயரின் சிவப்பு அங்கிக்கு மேலே செங்கோல் மறுபடி ஏறி நின்றது. அதிலிருந்து ஒரு சொட்டு அவன் உதட்டில் விழுந்தது. நாற்பது கவுன்சிலர்களும் வகுப்பறை போல வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்; யாரும் எண்ணவில்லை. ஆகவே அவன் மட்டும் எண்ணினான்.

"ஒண்ணு, சார்."